சொல்லி அனுப்பப்பட்டது

எங்கள் அலுவலகத்தின் பின்புறம், சைக்கிள் கொட்டகையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. அதன் முகத்தில் ஒரே ஒரு சைபர் செதுக்கியிருக்கிறது. வேறு எழுத்து கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊர் நாற்பத்தாறு வருஷம் மாகாணத்தின் தலைநகரமாக இருந்தது. அப்போது எல்லாச் சாலைகளையும் இந்தக் கல்லிலிருந்துதான் அளந்தார்கள். இன்றைக்குப் பின்புறமாக இருப்பது அன்றைய முன்வாசல். தலைநகரம் துறைமுகத்துக்குப் போன பிறகு சாலை இடம் மாறிவிட்டது. கட்டடம் நின்ற இடத்தில் நின்றபடியே ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுவிட்டது.

அந்தக் கல்லில் யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் மூன்று மாதத்துக்குள் மாற்றல் வந்துவிடும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. எங்கள் கடைநிலை ஊழியருக்குத் தந்தி என்று பெயர். அவரிடம் ஒன்றைச் சொன்னால் மதியத்துக்குள் மூன்று மாடிக்கும் போய்விடும். புதிதாக வரும் அதிகாரியைப் பிடிக்காவிட்டால், "நிழலா இருக்கு சார், கொஞ்சம் உக்காருங்க" என்று அவர் கல்லின் பக்கமாக அழைத்துப் போவார். இதுவரை ஒருவரும் மாட்டவில்லை.

நான் சாலைப் பிரிவில் வரைபடம் பெயர்ப்பவள். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டுத் தருவதை மெழுகு பூசிய துணியில் மையால் பெயர்த்து வரைய வேண்டும். கை நடுங்கக் கூடாது. வேறு தகுதி தேவையில்லை. என் மேஜை ஜன்னலோரம். மூன்றரை மணிக்கு வெயில் கொட்டகையின் தகரத்தைத் தாண்டிக் கல்லின் மேல் விழும். அந்த நேரத்தில் மை தொடுவதற்காகக் குனிந்தால், கண்ணின் ஓரத்தில், கல்லின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். முதுகு தெரியும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திய முதுகு. நிமிர்ந்து நேராகப் பார்த்தால் கல் மட்டும்தான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு.

எனக்குப் பதினாலு வயதுவரை வலிப்பு வந்துகொண்டிருந்தது. வருவதற்குச் சற்று முன்பு துணி தீய்கிற வாசனை வரும். இல்லாத ஒன்று கண்ணில் தெரியும். நெருப்புப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் என்னைத் தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா சமையலறையிலிருந்து என்னைத் தள்ளி வைத்தாள். குளியலறையிலிருந்து தள்ளி வைக்க முடியாதே. அதற்குக் காவலாக என் தம்பியைப் போட்டாள். அவனுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் அவன் பெயர் சின்னவன். கதவுக்கு வெளியே குந்திக்கொண்டு, விரலால் தரையில் கோடு போட்டபடி, நூறு எண்ணுவதற்குள் ஒரு முறை, "அக்கா, இருக்கியா?" என்பான். "இருக்கேன்டா" என்று நான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கத்துவான். சில நாள் வேண்டுமென்றே சொல்லாமல் இருப்பேன். கதவை அவன் இரண்டு கையாலும் அடித்து அழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மெதுவாக, "இருக்கேன்டா" என்பேன். என்னால் ஒருவரை அவ்வளவு பயப்படுத்த முடிகிறது என்பதில் அந்த வயதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

பிறகு வலிப்பு நின்றுவிட்டது. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுவிட்டது. எனக்கு முப்பது வயதானபோது, எனக்குக் கல்யாணம் பேசி முடிப்பதற்காக ஒரு குடும்பம் வந்தது. பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கதவோரம் நின்றிருந்த சின்னவன், யாரும் கேட்காமலே, அக்காவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும், தண்ணீர்ப் பக்கம் தனியாக விடக் கூடாது, தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். வந்தவர்கள் காபிக் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். தெருவில் அவர்கள் தலை மறைகிறவரை அப்பா வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, இனி இந்த வாசலில் உன் கால் படக் கூடாது என்றார். சின்னவன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கில் இரண்டில் காபி குடிக்கப்படாமலே இருந்தது.

அவன் போய் ஒன்றரை வருஷத்தில் அப்பா இறந்துபோனார். அவனுக்கு எப்படித் தெரிவிப்பது என்று தெரியவில்லை. அம்மாவின் முழங்கால் விட்டுப்போனது. நாங்கள் இருந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் தெருக்கோடியில். என் அலுவலகமோ இரண்டு மைல். அலுவலகத்துக்குப் பின்னால், குழாய் உள்ளேயே இருக்கிற ஒரு வீடு கிடைத்தது. அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். பழைய வீட்டுக்குக் குடிவருகிறவர்களிடம் புது விலாசத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். சின்னவன் அந்த வீட்டுக்குத்தான் வருவான்.

நான் விலாசத்தை எழுதினேன். நல்ல கெட்டிக் காகிதத்தில், அலுவலக எழுத்தில். சாவி கொடுக்கப் போன அன்றைக்கு, குடிவரும் பெண் தையல் மெஷினை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். நல்ல வீடாயிற்றே, ஏன் காலி செய்கிறீர்கள் என்று கேட்டாள். "வீட்ல ஒரு சாவு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காகிதம் கைப்பையில் இருந்தது. பையைத் திறந்தேன், மூடினேன். அவன் வரட்டும், வந்து நிற்கட்டும், நாங்கள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

பன்னிரண்டு வருஷமாகிவிட்டது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலேயே என் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்துவிடுவாள். பழைய வீட்டுக்குப் போய் யாராவது வந்தார்களா என்று கேட்டுவர வேண்டும். நான் கிளம்புவேன். ஏரிக்கரை வரை நடந்து, அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்து, "யாரும் வரலம்மா" என்பேன். அம்மா உடனே, "வருவான்" என்று சொல்லிவிட்டு, செருப்பை எடுத்து உள்ளே வைப்பாள்.

இந்த வருஷம் ஒரு உத்தரவு வந்தது. மைல் கற்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் கற்கள் நட வேண்டும். அதற்கு முன்னால், எந்தச் சாலையில் எத்தனை பழைய கற்கள் இருக்கின்றன என்று பட்டியல் வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பதிவறையைத் திறந்து பழைய கோப்புகளைப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார்கள். உதவிக்குத் தந்தியை அனுப்பினார்கள். அவர் உதவி என்றால், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு ஊர்க் கதை பேசுவது.

அங்கேதான் இந்த ஊர் எப்படிக் கைவிடப்பட்டது என்பதைப் படித்தேன். அரசாணையில் காய்ச்சல் என்று காரணம் போட்டிருந்தது. அதற்கு முந்தைய ஒரு தனிக் கடிதத்தில், கவர்னரின் மனைவிக்கு ஏரியின் வாசனை பிடிக்கவில்லை என்று இருந்தது. பதினேழு நாள் வண்டிகள் போயிருக்கின்றன. மேஜைகள், அலமாரிகள், கடிகாரங்கள், கைதிகள், குமாஸ்தாக்கள், குமாஸ்தாக்களின் பெண்டாட்டி பிள்ளைகள். கடைசியில் ஒரு பட்டியல்: விட்டுச் செல்லப்பட்டவை. கொடிக்கம்பம் இரண்டு, சாவி இல்லாத இரும்புப் பெட்டி ஒன்று, காவலாளி ஒருவர்.

காவலாளிக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். விஷயம் தெரியாமல் மனு கொண்டுவருகிறவர்களிடம், தலைநகரம் துறைமுகத்துக்குப் போய்விட்டது என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு. ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று எந்த உத்தரவும் வரவில்லை. அவர் பத்தொன்பது வருஷம் இருந்திருக்கிறார்.

அவ்வளவு காலம் ஆட்கள் வந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் எங்கள் பிரிவு. அப்போதைய சாலைப் பிரிவைச் சொல்கிறேன். தலைநகரம் மாறியதும் எல்லா மைல் கற்களிலும் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. புதுக் கல் வீண் செலவு என்று, பழைய கல்லின் முதுகில் புது எண்ணைச் செதுக்கி, கல்லைப் பிடுங்கித் திருப்பி நடச் சொல்லியிருந்தார்கள். செதுக்குவது ஒரு கூட்டம், திருப்புவது இன்னொரு கூட்டம். மலையிலிருந்து இறங்கும் வடக்குச் சாலையில் செதுக்குகிறவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள். திருப்புகிறவர்கள் மலைப்பக்கமிருந்து தொடங்கி, பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வரை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட பிறகு யாரும் திரும்பப் போகவில்லை. வேலை முடிந்தது என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பாதை பிரிகிற அந்த இடத்தில் வந்து நிற்பவன் கண்ணுக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் திரும்பிய கல்: தலைநகரம் 112 மைல். இன்னொரு பக்கம் திரும்பாத கல்: தலைநகரம் 31 மைல். மலையிலிருந்து நடந்தே வந்தவன் எந்தப் பக்கம் போவான்? அதற்குப் பிறகு கற்கள் அவனுக்கு ஆசை காட்டிக்கொண்டே வரும். முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. சைபருக்கு வந்து சேருகிறபோது ஒரு பூட்டிய கட்டடமும் ஒரு காவலாளியும் இருப்பார்கள்.

காவலாளியின் புத்தகங்கள் மூன்று. முதல் புத்தகத்தில் எழுத்து குழந்தை எழுத்துபோல இருக்கிறது. நாள், எத்தனை பேர், எங்கிருந்து, என்ன விஷயம், முடிவு. ஆள் நாலு, மலை, கிணறு, சொல்லி அனுப்பப்பட்டது. ஆள் ஒன்று, மலை, எல்லைத் தகராறு, சொல்லி அனுப்பப்பட்டது. பக்கம் பக்கமாக இதே. அழுதார்களா, திட்டினார்களா, காலைப் பிடித்தார்களா, ஒன்றும் இல்லை. போகப் போக அவர் கையெழுத்து அழகாகிக்கொண்டே வருகிறது.

ஐந்தாம் வருஷத்தில் ஒரு நாள், முடிவு என்ற கட்டத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தது.

ஆள் ஒன்று, பெண். மலை. விஷயம்: மகன். சொல்லியும் போகவில்லை. கல்லைக் காட்டுகிறாள். சாப்பாடு கொடுத்தேன்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். மலையிலிருந்து ஆண்களைத் துறைமுகம் கட்டுகிற வேலைக்குக் கூட்டிப்போன வருஷம் அது. வேறு கோப்பில் பார்த்திருந்தேன். மகனைத் திருப்பிக் கேட்க வந்தவள், வழியில் முப்பத்தொரு கல் சொன்னதை விட்டுவிட்டு ஒரு காவலாளி சொல்வதை நம்பத் தயாராக இல்லை. எண்பத்துமூன்று நாள் சாப்பாடு கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறார். எண்பத்துநாலாம் நாள், அதே அழகான எழுத்தில், இப்படி இருந்தது: இன்று முதல் சாப்பாடு தேவைப்படவில்லை.

நான் அடுத்த நாளைத் திருப்பினேன்.

ஆள் ஒன்று, பெண். விஷயம்: மகன். சொல்லியும் போகவில்லை.

அதற்குப் பிறகு பதினாலு வருஷம், மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை, ஒவ்வொரு நாளின் அடியிலும் அந்த வரி இருந்தது. வேறு யாருமே வராத நாட்களிலும் இருந்தது.

ஸ்டூலில் இருந்த தந்தியிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

"ஒரு மனுஷி பதினாலு வருஷம் உக்காந்திருப்பாளா மேடம்? ரெண்டாவது வருஷமே வேர் விட்டிருப்பா."

"அதான் சாப்பாடு வேண்டாம்னு எழுதியிருக்காரே அண்ணே."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலைக் கொஞ்சம் வெளிச்சத்தின் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். பிறகு, மாற்றல் வரும் என்று கதை கட்டியது தான்தான் என்றும், அந்தக் கல்லில் யாரும் உட்காராமல் இருப்பதற்காகத்தான் கட்டியதாகவும், புது அதிகாரிகளை அங்கே அழைத்துப் போனதும் அந்தப் பேச்சு பரவத்தான் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். மூன்றரை மணிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் எடுக்கப் போனால், "கொஞ்சம் வழி விடும்மா"ன்னு வாய் தானா சொல்லிடுது மேடம் என்றார். அவர் எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்கிறவர். இதை மட்டும் இருபது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தார்.

அப்படியானால் எனக்கு நோய் திரும்பவில்லை. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மேஜைக்குத் திரும்பிப் போனபோது எனக்கு உறைத்தது வேறு. அந்தக் காவலாளி ஒரு பொய்யைக்கூட எழுதவில்லை. வந்தவர்களிடம் சொன்னார், போகாதவளைப் போகவில்லை என்று எழுதினார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கல்லைத் திருப்பாமலே திருப்பியாயிற்று என்று கையெழுத்துப் போட்டவர்களின் வேலையை. மாதம் ஒரு முறை, துடைத்த செருப்போடு.

சனிக்கிழமை அரை நாள் வேலை. நேராகப் பழைய வீட்டுக்குப் போனேன். அந்தத் தெரு முன்பு குமாஸ்தாக்களுக்காக வரிசையாகக் கட்டியது. எல்லா வீடும் ஒரே அச்சு. மாற்றலில் வருகிறவர்களும் போகிறவர்களுமாக எப்போதும் புது முகங்கள்தான். எங்கள் வீட்டை மட்டும் வாசல் தூணில் விழுந்திருந்த விரிசலை வைத்துக் கண்டுபிடித்தேன். முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையற்காரிக்கு முன்நெற்றி முடி நரைத்திருந்தது. நான் யார் என்று சொன்னதும் மெஷினை நிறுத்தினாள். வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். ஸ்டூல் போட்டாள்.

யாராவது எங்களைத் தேடி வந்தார்களா என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கேட்க வேண்டிய இடத்தில்.

"ஒருத்தர் வந்தாருக்கா. ஆறு வருஷம் இருக்கும். ஒல்லியா, கையில ஒரு டிரங்குப் பெட்டி. இங்க இருந்தவங்க எங்கன்னு கேட்டாரு. எனக்கு எங்கன்னு தெரியாதே. நீங்க சொன்னதத்தான் சொன்னேன். வீட்ல ஒரு சாவு, அதான் காலி பண்ணிட்டாங்கன்னு."

"யார் செத்ததுன்னு கேக்கலையா?"

"கேக்கல. அப்படியே நின்னாரு. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. எனக்கு அது அர்த்தமே ஆகல. 'தண்ணியிலயா?'ன்னு கேட்டாரு."

நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ என்ன சொன்னே?"

"தெரியலைங்கன்னேன். எதிர்ல அந்தச் சுவரோரமா சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டு இருந்தாரு. விளக்குப் போட எழுந்து பார்த்தேன், இல்ல. நான் தப்பா எதுவும் சொல்லிட்டனாக்கா?"

இல்லை என்றேன். அவள் நான் கொடுத்ததை அப்படியே கொடுத்திருக்கிறாள்.

அவனுக்கு அப்பாவின் நினைப்பே வரவில்லை. அம்மாவின் நினைப்பும் வரவில்லை. சாவு என்றதும் அவன் போய் நின்றது அந்தக் குளியலறைக் கதவுக்கு வெளியில். உள்ளே தண்ணீர் ஓடுகிறது. கேட்டால் பதில் வரவில்லை. ஆறு வருஷமாக அவன் போகிற ஊரிலெல்லாம் நான் செத்துப்போனவள். கல்யாணம் பேச வந்தவர்களிடம் அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று பதினாலு வருஷம் யோசித்திருக்கிறேன். பொறாமை என்று சில நாள் தோன்றும், திமிர் என்று சில நாள். அவர்கள் வீட்டில் குளியலறைக் கதவுக்கு வெளியே யார் குந்தியிருப்பார்கள் என்ற கவலை அவனுக்கு இருந்திருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.

திரும்பும் வழி முழுக்க என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டு வந்தேன்.

அம்மா குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். விலாசம் கொடுக்காததிலிருந்து தொடங்கினேன். தையற்காரி சொன்னதைச் சொல்லி முடிக்கும்வரை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த பாத்திரத்திலிருந்து சாம்பல் தண்ணீர் முழங்கை வழியாக வடிந்தது. குழாயை மூடினாள்.

"அப்ப மாசாமாசம் நீ எங்க போயிட்டு வந்தே?"

"ஏரிக்கரைக்கும்மா."

"தனியாவா?" அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை. "தனியாவாடி தண்ணிப் பக்கம் போயி உக்காந்திருந்தே?"

அதற்குப் பிறகு அவள் அன்று என்னோடு பேசவில்லை. இரண்டு தட்டு வைத்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். திட்டியிருந்தால் எனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும். அவள் கொடுக்கவில்லை.

காலையில் பார்த்தால் வாசலில் இரண்டு ஜோடி செருப்பு துடைத்து வைத்திருந்தது.

பழைய வீட்டுக்கு வண்டி பிடித்துப் போனோம். வழியில் அலுவலகத்தில் இறங்கி, கிலோமீட்டர் கற்களுக்காக வந்திருந்த வெள்ளைப் பெயிண்டிலும் கறுப்பிலும் கொஞ்சம், ஒரு தூரிகை, எழுத்துகள் வெட்டிய தகடுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அறைக் கதவைத் திறந்துவிட்ட தந்தி எதற்கு என்று கேட்கவில்லை. நிச்சயம் நாளை மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றிருந்தது. வெளியே வரும்போது கல்லைத் தாண்டித்தான் வர வேண்டும். காலை வெயிலில் அது வெறும் கல்லாக இருந்தது. ஆனாலும் நான் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடந்தேன்.

தையற்காரி தூணில் எழுதிக்கொள்ளச் சம்மதித்தாள். வீட்டுக்காரர் கேட்டால், கஸ்டமர்களுக்கு அடையாளம் என்று சொல்லிக்கொள்வாளாம். விரிசலின் மேலேயே வெள்ளை அடித்தேன். காய்கிறவரை அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். நான் தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று கேட்டேன். விலாசம், அப்பா இறந்த தேதி, அம்மா உயிரோடு இருப்பது என்றெல்லாம் நானே சொல்லிப் பார்த்தேன்.

"அவ்வளவு எதுக்கு?" என்றாள் அம்மா. என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "அவன் கேட்டதுக்கு நீ பதில் சொல்லு. மீதியக் கீழ சின்னதா எழுது."

தகடுகளைப் பையில் போட்டுவிட்டேன். கையாலேயே எழுதினேன். இந்த வேலையில் பத்தொன்பது வருஷம் நடுங்காத கை முதல் எழுத்தில் நடுங்கியது. கறுப்புப் பெயிண்ட் வழிந்து ஒரு கால் முளைத்துவிட்டது. அதைத் துடைக்கவில்லை.

இருக்கேன்டா.

அதன் கீழே எங்கள் தெருவின் பெயரும் வீட்டு எண்ணும். அதன் கீழே 2 மைல் என்று எழுதினேன். கிலோமீட்டரில் போட வேண்டும் என்பது உத்தரவு. அவன் மைலில்தான் நடந்து பழகியவன்.

எழுதி முடித்துப் பின்னால் நகர்ந்து பார்த்தபோது, துணி தீய்கிற வாசனை வந்தது. ஒரு கணம் தெரு முழுவதும் வெகு தூரம் போய்விட்டதுபோல் இருந்தது. எதிர்ச் சுவரைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, உள்ளே இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் வைத்துவிட்டு வந்ததாக ஞாபகம் வந்து தையற்காரி ஓடினாள். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். வெயில் மட்டும்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் கொஞ்சம் நிறம் மங்கியிருந்தது. பழைய சுவர், எத்தனையோ பேர் சாய்ந்திருப்பார்கள்.

தையற்காரி கருகிய விளிம்பைக் கையில் பிடித்தபடியே திரும்ப வந்தாள். தூணில் எழுதியிருந்ததைப் படித்தாள். அவளுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. அவர் திரும்ப வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். இந்த முறை சரியாகச் சொல்ல வேண்டும் என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் தூணைப் பிடித்து எழுந்துவிட்டாள். ஈரப் பெயிண்ட் அவள் உள்ளங்கையில் ஒட்டியது.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா," என்றாள். "உக்கார வை. வச்சிட்டு எங்களுக்கு ஆள் அனுப்பு."